துடுப்பில் கேட்ட குரல்

கோட்டைப்பட்டினம் அஞ்சலகத்துக்குத் தொலைபேசி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கறுப்பாக, கனமாக, மேசையின் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். போஸ்ட்மாஸ்டர் கண்ணுசாமியைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது.

"சர்க்கார் சொத்து!" என்பார் அவர். அவருடைய மகள் அழகிக்கும் அதே சட்டம்தான்.

அழகிக்குப் பதினோரு வயது. பள்ளி இல்லாத நேரங்களில் தபால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பாள். ருஷ்யக் காடு, பனிக்கடலில் மாட்டிக்கொண்ட கப்பல், புதையல் தீவு என்று எங்கெங்கோ போய்விடுவாள். ஆனால் தொலைபேசி மணி அடித்தால் மட்டும் கோட்டைப்பட்டினத்துக்குத் திரும்பி வந்துவிடுவாள். அதிலும் அது இன்னாசி தாத்தாவுக்கு வரும் போன் என்றால் புத்தகத்தையே மூடிவிடுவாள்.

இன்னாசி தாத்தாவின் ஒரே மகன் சூசைராஜ். மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை. மாதம் ஒருமுறை டிரங்க் கால் போட்டுப் பேசுவான்; ஒரு தடவைக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு. ஆனால் தாத்தாவுக்குக் காது கேட்காது. வாலிபத்தில் கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுத்தவர் அவர். தண்ணீர் அழுத்தி அழுத்திக் காதுச் சவ்வு இரண்டும் கிழிந்துவிட்டன. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும். போனில் ஒன்றுமே கேட்காது.

அதனால் சூசைராஜ் சொல்வதைக் கண்ணுசாமி கேட்டு, தாத்தாவிடம் கத்துவார்.

"இருமல் மருந்து குடிச்சீங்களான்னு கேக்குறான்!"

தாத்தா வாயைத் திறப்பதற்குள், தபால்தலை வாங்க வந்த மூக்காயி பதில் சொல்லிவிடுவாள்: "எங்க குடிச்சாரு? பாட்டில் அப்படியே மாடத்துல இருக்கு. நான் பாத்தேன்!"

வரிசையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். தாத்தாவும் சிரிப்பார், எதற்கு என்று தெரியாமலே.

போன மாதம் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "சார், அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கிய சூசைராஜ், வரிசையில் நிற்பவர்களின் பேச்சு காதில் விழ, பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு, "வேணாம் சார். விடுங்க" என்று வைத்துவிட்டான்.

கடிதமாக எழுதலாம்தான். ஆனால் தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அதையும் கண்ணுசாமிதான் சத்தமாக வாசிக்க வேண்டும்.

"எட்டு மாசமாச்சு தாயி" என்றார் தாத்தா அன்றைக்கு அழகியிடம். "போகையில என்கூட சண்டை போட்டுட்டுப் போனான். அந்தச் சண்டைக் குரலுதான் இன்னும் மனசுல நிக்குது."

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கண்ணுசாமி மகளைக் கூப்பிட்டார்.

"அழகி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்னாசிக்கு டிரங்க் கால். சூசை கப்பல் வேலைக்குப் போறானாம். திரும்பி வர ஒரு வருஷம் ஆகுமாம். ஓடிப் போயி சொல்லிட்டு வா."

அழகி கடற்கரைக்கு ஓடினாள். கரையோரம் கட்டியிருந்த வள்ளத்தில் தாத்தா உட்கார்ந்திருந்தார். துடுப்பின் அடி தண்ணீருக்குள் இருந்தது. மேல்நுனியைக் காதுக்குப் பின்னால், எலும்பில் அழுத்தி வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

அழகி அவர் தோளைத் தொட்டு, 'என்ன?' என்று கையை ஆட்டினாள்.

"கத்தாளை மீனு தாயி. கூட்டமா வந்தா கொர்ரு கொர்ருனு கத்தும். இங்கிட்டு வருதான்னு கேக்குறேன்."

அழகிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மூக்காயியின் குரலே கேட்காத மனிதருக்கு மீனின் குரல் கேட்கிறதா?

மெதுவாகக் குனிந்து, துடுப்பில் நகத்தால் தட்டினாள். டொக், டொக்.

தாத்தா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "யாரு அது கதவத் தட்டுறது?"

அவ்வளவுதான்! புத்தகங்களில் யோசனை தோன்றியவர்கள் ஓடுவது போல அழகியும் ஓடினாள். பாதி வழியில்தான், வந்த செய்தியையே சொல்லவில்லை என்று நினைவு வந்தது. திரும்பி ஓடி வந்து, கையைக் காதில் வைத்துக் காட்டி, பத்து விரல்களையும் விரித்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் போன் வருதா? வாரேன் தாயி."

வீட்டுக்கு வந்ததும், தாத்தாவுக்கு எலும்பு வழியாகக் கேட்கிறது, போனையும் அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னாள்.

"போன் என்ன துடுப்பா?" என்றார் கண்ணுசாமி. "அது சர்க்கார் சொத்து. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மறுநாள் காலை தாத்தா வெள்ளை வேட்டி கட்டி வந்தார். அழகி தன் மர அடிக்கோலை அவர் காதுக்குப் பின்னால் அங்கும் இங்கும் வைத்துத் தட்டினாள். ஓரிடத்தில் வைத்ததும் தாத்தா, "இங்கதான்!" என்றார். அழகி முத்திரை மையை விரலில் தொட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

"என்ன பெரியவரே, இந்த வயசுல திருஷ்டிப் பொட்டா?" என்றாள் மூக்காயி.

மணி அடித்தது. கண்ணுசாமி எடுத்தார்.

"சொல்லுப்பா சூசை... ம்... என்னது? என் மூலமாச் சொல்ல முடியாதா?" அவர் குரல் இறங்கியது. "சரி... வேணாம்னா விட்டுடுறேன்..."

அவர் தாத்தாவைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் இருந்த கறுப்புப் புள்ளியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இந்தா, நீ புடி. சீக்கிரம்! ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

அழகி போனை வாங்கி, கேட்கும் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்தினாள். பேசும் பக்கத்தைத் தாத்தாவின் தாடைக்கு நேராகத் திருப்பினாள்.

தாத்தா திடுக்கிட்டார். பிறகு அசையாமல் நின்றார்.

"சூசை?" என்றார். "டேய், நீயா பேசுற?"

மூக்காயி கழுத்தை நீட்டினாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் கண்ணுசாமி. அவரும் வெளியே போய் நின்றார்.

தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. கை வலித்தாலும் அழகி போனை அசைக்கவில்லை.

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்டா" என்றார் தாத்தா மெல்ல. "நல்லபடியா போயிட்டு வா. ம்... குடிச்சேன், குடிச்சேன். பாட்டிலே காலி."

"பொய்யி!" என்றாள் வாசலிலிருந்து மூக்காயி.

போனை வைத்ததும் எல்லோரும் உள்ளே வந்தார்கள். "என்ன சொன்னான்?" என்று மூக்காயி கையை ஆட்டிக் கேட்டாள்.

தாத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது எனக்கும் எம்மகனுக்கும்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த பெருமை! மூக்காயியே மேற்கொண்டு கேட்கவில்லை.

அழகி பயந்துகொண்டே போனைத் துணியால் துடைத்தாள். கண்ணுசாமி இருமினார். "அடுத்த தடவையும் நீயே புடி. எனக்கும் தொண்டை மிச்சம்" என்றார்.

மறுநாள் மாலை, தாத்தா தோளில் துடுப்போடு அழகியின் வீட்டுக்கு வந்தார். நுனியைத் தன் மைப் புள்ளியில் வைத்துக்கொண்டார். அடுத்த முனையை அழகியிடம் நீட்டினார்.

"எம்மகன் குரலை நீதான் கேக்க வச்ச. ஒன் குரலை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல தாயி. ஏதாச்சும் சொல்லு."

அழகிக்கு வெட்கமாக இருந்தது. துடுப்பின் ஓரத்தில் பல் படும்படி வாயை வைத்து, "நான் அழகி பேசுறேன்" என்றாள். மரத்தில் கடல் உப்பு கரித்தது.

தாத்தாவின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! கேக்குது தாயி, நல்லாக் கேக்குது!" என்றார். "இன்னும் பேசு. மூணு நிமிஷக் கணக்கெல்லாம் இதுக்குக் கெடையாது."