டீச்சரின் கைக்கு மறதி இல்லை

போன் அடித்தது.

முட்டம் லைட்ஹவுஸைப் பார்த்தபடி தனியாக நிற்கும் அந்த ஓட்டு வீட்டில்... விடாமல் அடித்தது.

நேசபாய் டீச்சர் எழுந்து வந்து எடுத்தார். ரிட்டையரான கணக்கு டீச்சர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டியிருந்த வெள்ளைப் புடவையில் ஒரு மடிப்பும் கலையவில்லை.

"ஹலோ... யாரு?"

"டீச்சர், நான் பெபிஷா பேசுகேன். பஸ் கிட்டல. வர இத்திரி தாமசிக்கும். சாரு எங்க?"

பெபிஷா, டீச்சரைப் பகலில் கவனித்துக்கொள்ளும் நர்ஸ். சார் என்றால் டீச்சரின் கணவர் செல்வதாஸ்.

"சாரா? அவரு தரையில படுத்து உறங்குதாரு."

"தரையிலயா?"

"ஆமா மக்களே. சட்டையில சாயம் கொட்டியிருக்கு. சிவப்புச் சாயம். எழுப்பினேன்... எழும்ப மாட்டேங்காரு."

பெபிஷா போட்ட அலறலில் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது!

டீச்சர் போனை வைத்தார். ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கடலைப் பார்த்தார்.

மறுபடியும் போன்.

"ஹலோ... யாரு?" என்றார் டீச்சர், அன்றைக்கு முதல் தடவையாக எடுப்பவர் போல. "சாரா? அவரு தரையில படுத்து..."

*

செல்வதாஸின் பின்மண்டையில் ஒரே அடி. ஆயுதம் இல்லை. கைரேகை இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஆயுதத்தை எவன் வீட்டில் விட்டுவிட்டுப் போவான்?

சாட்சி மட்டும் இருந்தது. அதுவும் கண்ணால் பார்த்த சாட்சி!

அந்தச் சாட்சி இன்ஸ்பெக்டர் ஆனந்தகிருஷ்ணனைப் பார்த்து நாலாவது முறையாகக் கேட்டது.

"நீங்க ஆரு? எங்க அவரப் பாக்கணுமா? இப்ப வந்துருவாரு. இரிங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்ன மேடம் இது? உங்க சைக்காலஜில இதுக்கு ஏதாவது வழி உண்டா?"

அவர் கேட்டது டாக்டர் அபிதாவிடம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியை. டீச்சரின் மறதியை முன்பே ஆராய்ந்தவள் என்பதால் போலீஸ் கூப்பிட்டிருந்தது. நாலு பேர் நின்றால் பாடம் எடுத்துவிடுவாள். முற்றத்தில் நாற்பது பேர் நின்றார்கள். விடுவாளா?

"டீச்சருக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஹிப்போகாம்பஸ் கெட்டுப்போச்சு சார். புதுசா நடக்கிற எதுவும் உள்ள பதியாது. பழசு அப்படியே இருக்கும். கல்யாணம் நினைவிருக்கும், மகனை நினைவிருக்கும். காலைல நடந்த கொலை நினைவிருக்காது."

"அப்போ சாட்சி அவுட்டு!"

"அவசரப்படாதீங்க. ஹிப்போகாம்பஸ் பக்கத்துலயே அமிக்டலான்னு ஒண்ணு இருக்கு. பாதாம் பருப்பு அளவுதான். பயமும் பிரியமும் அங்கதான் பதியும். அது டீச்சருக்குக் கெடலை!"

அபிதா டீச்சரின் வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது.

"கொலைகாரன் இந்தக் கையைப் பிடிச்சு முறுக்கியிருக்கான். அவன் முகம் இவங்களுக்கு மறந்து போச்சு. ஆனா அவனே திரும்பக் கையை நீட்டினா... ஏன்னு தெரியாமலே இந்தக் கை பின்னாடி போகும். எப்பவும் 'ஸ்தோத்திரம்' சொல்லி முதல்ல கை நீட்டறது டீச்சர்தானே? அது சர்ச் வாசல்ல ஆயுசுக்கும் பழகின பழக்கம். எந்தக் காய்ச்சலும் அதைத் தொட முடியாது."

கூட்டம் 'ஆ'வென்று கேட்டது.

"இந்த மாதிரிப் பயம் தங்கவும் செய்யும், போகவும் செய்யும். நாயைக் கண்டு அழற பிள்ளைக்கு மிட்டாய் குடுத்துக்கிட்டே நாயைக் காட்டுங்க..."

"பாடம் போதும் மேடம்! சோதனையைச் செய்வோம்!"

இன்ஸ்பெக்டர் பறந்தார். அவர் மனதில் குற்றவாளி ஏற்கெனவே ரெடி.

ஷாஜன். டீச்சரின் ஒரே மகன். துபாயிலிருந்து லீவில் வந்தவன். அம்மாவைச் சென்னைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று முந்தைய நாள் அப்பாவிடம் கத்தியிருக்கிறான். அதைக் கேட்டதாகச் சொன்னவர் பக்கத்துப் புரையிடத்து வீட்டுக்காரர் ஜான்ரோஸ். சபைக் கமிட்டியில் பெரிய கை.

"சத்தம் மட்டும்தான் சார் கேட்டேன். மதில் விஷயத்துல செல்வதாஸ் சாருக்கும் எனக்கும் பேச்சு இல்ல பாத்துக்கிடுங்க. அந்த முற்றத்துல நான் காலு வச்சே வருஷம் ஆச்சு."

*

ஸ்டேஷனில் சோதனை நடந்தது.

இன்ஸ்பெக்டரே டீச்சரின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முதலில் ஒரு கான்ஸ்டபிள்.

"ஸ்தோத்திரம் தம்பி." கை குலுக்கினார் டீச்சர்.

இரண்டாவதும் ஒரு கான்ஸ்டபிள். "ஸ்தோத்திரம்."

மூன்றாவது... ஷாஜன்.

"அம்மா..."

டீச்சரின் முகம் மலர்ந்தது. கை நீண்டது.

"ஆ!"

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்!

ஷாஜன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொலைகாரன் என்று ஊர் சொன்னபோது அழாதவன் இப்போது தேம்பித் தேம்பி அழுதான்.

"எனக்க அம்மா... என்னக் கண்டா பயப்படுகா?"

"கேஸ் முடிஞ்சுது!" இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "இவனுக்கத் தாத்தா ஒருத்தனை வெட்டிட்டு ஜெயிலுக்குப் போன ஆளாக்கும். ரத்தம் மேடம்... ரத்தம்! நீங்க ஜீன்னு சொல்லுவியள்லா?"

"அந்தத் தாத்தாவுக்கு எத்தனை பேரன் சார்?"

"ஏழெட்டு இருக்கும்."

"அதுல ஒருத்தர் போதகர். ஒருத்தர் கண் டாக்டர். அவங்களுக்கு மட்டும் வேற ரத்தமா? கோபம் சீக்கிரம் வர்ற சுபாவத்தை வேணும்னா ஜீன் குடுக்கும். கட்டையை எடுத்துக் கையில குடுக்காது. அது போகட்டும்... டீச்சர் கையை எந்த இடத்துல பிடிச்சிருந்தீங்க?"

"இந்தா, இப்படித்தான்..."

இன்ஸ்பெக்டர் பிடித்துக் காட்டினார். அவருடைய கட்டைவிரல் சரியாக அந்த நீலத்தின் மேல் உட்கார்ந்தது.

அபிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கான்ஸ்டபிள் வந்தப்போ உங்க பிடி லேசா இருந்துது. ஷாஜன் வந்ததும் இறுகிச்சு. உங்களுக்கே தெரியாம! டீச்சர் மகனுக்குப் பயப்படலை சார். நீங்க நசுக்கினது வலிச்சிருக்கு!"

"நானா?"

"நீங்கதான். விடை தெரிஞ்ச ஆளு பரீட்சை ஹால்ல நிக்கக் கூடாது. இதை டபுள் பிளைண்ட்னு சொல்லுவோம். டீச்சருக்கும் தெரியக் கூடாது, கூட்டிட்டு வர்றவங்களுக்கும் தெரியக் கூடாது. அப்புறம் ஷாஜனோட சேர்த்து நிறுத்த ஊர்க்காரங்களே வேணும். காக்கி பேண்ட் போட்ட ரெண்டு பேரை நிறுத்தினா அது சோதனையா?"

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். ஆனால் கட்டைவிரலை அவராலும் மறுக்க முடியவில்லை.

"ஒரு வாரம் தாரேன் மேடம், அந்தக் கை ஆறட்டும். வீட்டுலயே வச்சுப் பாப்போம். இந்தத் தடவையும் கையை இழுத்தா... பய உள்ள!"

அந்த ஒரு வாரமும் ஷாஜன் வீட்டுப் பக்கம் போகவில்லை. கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் கிடந்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை பெபிஷாவுக்குப் போன் செய்தான் என்பதற்குக் கணக்கே இல்லை.

"அம்மா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாவ. நீங்க ஒரு நேரம் வந்து பாருங்களேன் அண்ணா."

"மாட்டேன் பெபிஷா. எனக்க கையைப் பாத்து அம்மா இன்னொரு மட்டம் அலறினா... நான் செத்துருவேன்."

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆட்கள் வந்தார்கள். டீச்சர் வீட்டு முன்னறையில் வரிசை நின்றது. ஷாஜனைச் சேர்த்து ஐந்து பேர்.

"ஆறு கேட்டேனே?" என்றாள் அபிதா.

"ராஜையனுக்கு வயித்துப்போக்காம்." இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார். "ஓய் ஜான்ரோஸ்! நீரு வந்து நில்லும்."

ஜான்ரோஸ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அதுக்கென்ன சார், நிக்கேன். பேச்சில்லாட்டாலும் நமக்க சபை ஆளுல்லா! செத்த மனுசனுக்கு நம்மால ஆன உபகாரம்."

சிரித்துக்கொண்டே கடைசியில் போய் நின்றார்.

டீச்சரை அழைத்து வந்தவள் கான்ஸ்டபிள் ஜாஸ்மி. அன்று காலைதான் அஞ்சுகிராமத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். யார் மகன், யார் மாமன், யார் மேல் சந்தேகம்... எதுவும் தெரியாது. இன்ஸ்பெக்டரையும் அபிதாவையும் டீச்சரின் கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் நிறுத்தியாயிற்று.

முதல் ஆள். "ஸ்தோத்திரம்." கை குலுக்கல்.

இரண்டாவது. "ஸ்தோத்திரம்."

மூன்றாவது... ஷாஜன்!

அவன் கையைப் பாதி நீட்டி நிறுத்திவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். இந்த ஒரு நொடியில்தான் அவன் வாழ்க்கையே இருந்தது.

டீச்சர் அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

"ஷாஜா! எப்ப மக்கா வந்த? கை என்ன இப்படிக் குளிருது?"

இன்னொரு கையாலும் பொத்திக்கொண்டார். ஷாஜன் உடைந்து போனான். "அம்மா..." என்று அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்தான்.

கதவுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கியது.

நான்காவது... ஐந்தாவது... டீச்சரின் கை எவனிடமிருந்தும் பின்வாங்கவில்லை!

ஆறாவது, ஜான்ரோஸ்.

"ஸ்தோத்திரம் டீச்சர்!" ஜான்ரோஸ் தாராளமாகக் கையை நீட்டினார்.

டீச்சர் கையை இழுக்கவில்லை.

குலுக்கவும் இல்லை!

முகமெல்லாம் சிரிப்பு. வலது கையைத் திருப்பினார். உள்ளங்கை மேலே பார்த்தது. நீட்டியபடியே காத்திருந்தார்.

"என்ன டீச்சர்? கை தாங்க..." ஜான்ரோஸின் குரல் லேசாகப் பிசிறியது.

டீச்சருக்குப் பொறுமை போயிற்று. சட்டென்று அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. பிரித்தார்.

முந்திரிக்கொத்து! வெல்லப்பாகில் பிடித்த இனிப்பு உருண்டை.

ஒன்றை எடுத்துக் கடித்தார். "நல்ல பாகு" என்றார்.

அறையில் எல்லோரும் ஜான்ரோஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதாக்கும் டீச்சருக்கு சுகர் இப்படி ஏறிச்சு!" பெபிஷா கத்தினாள். "நான் துணி காயப் போடப் போகச்சில எல்லாம் ஜன்னல் பக்கம் பேச்சுச் சத்தம் கேக்கும்! வந்து கேட்டா டீச்சர் 'ஆரும் வரல்லியே'ன்னு சொல்லுவாவ!"

அபிதா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"அவங்க பொய் சொல்லலை. மறந்துட்டாங்க. ஆனா கை மறக்கலை... இந்த ஆளைக் கண்டா இனிப்பு வரும்னு கத்துக்கிட்டு இருந்திருக்கு!"

"பாவம், வயசான பொம்பளை... எரக்கப்பட்டுக் குடுத்தேன்!" ஜான்ரோஸ் வேர்த்தார்.

"முற்றத்துல கால் வச்சே வருஷம் ஆச்சுன்னீங்களே? திடீர்னு இந்த ஒரு வாரம் மட்டும் என்ன இரக்கம்? அதுவும் ஒளிஞ்சு வந்து?"

"அது... வந்து..."

"நான் சொல்லட்டுமா? அன்னைக்கு முற்றத்துல நின்னு என் பாடத்தைக் கேட்டீங்க. நாய்க்குப் பயப்படற பிள்ளைக்கு மிட்டாய் குடுத்தா பயம் போகும். அருமையாச் செஞ்சிருக்கீங்க சார்! ஆனா ஒரு கேள்வி. இந்த வரிசையில நின்ன மத்த அஞ்சு பேரும் ஏன் டீச்சருக்கு மிட்டாய் குடுக்கலை? அவங்களைப் பாத்து டீச்சர் பயப்பட வேண்டிய காரணமே இல்லை. டீச்சர் மனசுல அழிச்சே ஆகவேண்டிய பயம் இருந்தது... உங்க ஒருத்தர் மேலதான்!"

ஜான்ரோஸ் வாசலைப் பார்த்தார்.

பாய்ந்தார்!

ஜாஸ்மி பூட்ஸ் காலைச் சும்மா நீட்டினாள். சபைக் கமிட்டியின் பெரிய கை முற்றத்து மணலில் குப்புற விழுந்தது. ஜாஸ்மியின் முழங்கால் முதுகில் ஏறியது.

"சார், இந்த ஆளைப் பிடிக்கலாம்லா?" என்றாள் பிடித்த பிறகு. "எனக்கு இங்க யாரு யாருன்னே தெரியாது."

மணலைத் துப்பிக்கொண்டே ஜான்ரோஸ் கக்கினார்.

"கொல்லணும்னு போகல சார்! மதிலைத் தள்ளிக் கெட்டச் சொல்லிக் கேக்கப் போனேன். மறுத்துப் பேசினாரு. திரும்பி நடந்தாரு. கையில கம்பி இருந்துச்சு... ஒரு அடி. டீச்சர் வந்து எனக்க சட்டையைப் பிடிச்சா. கையை முறுக்கி விட்டுட்டு ஓடினேன். இவளுக்கு ஒண்ணும் ஓர்மை நிக்காதுன்னு ஊருக்கே தெரியும். நிம்மதியா இருந்தேன். இந்த வாத்திச்சி வந்து அமிக்டலான்னு சொல்லுகது வரை!"

விலங்கு மாட்டி ஜீப்புக்கு நடத்தினார்கள்.

டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பதறினார். வாயில் இன்னும் முந்திரிக்கொத்து.

"ஷாஜா! அந்த நல்ல மனுசரை ஏன் பிடிச்சுக்கிட்டுப் போறாவ? அவரு என்ன தப்பு செஞ்சாரு?"

ஷாஜன் வாயைத் திறந்தான்.

'அப்பாவைக் கொன்னவன்மா' என்று சொல்லலாம். சொன்னால் அம்மா அலறுவாள். கொஞ்ச நேரத்தில் மறப்பாள். மறுபடி கேட்பாள். மறுபடி சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது முதல் சாவு.

விழுங்கிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லம்மா. ஊருக்குப் போறாரு. வர நாளாகும்."

"பாவம்... தங்கமான மனுசன்." டீச்சர் கண்ணை மூடினார். கணவனைக் கொன்றவனுக்காகக் கை குவித்தார். "கர்த்தாவே, அவருக்கு ஒரு குறையும் வராம பாத்துக்கிடும்."

அபிதாவால் அதைப் பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

ஜீப்பில் ஏறப்போன இன்ஸ்பெக்டர் ஆனந்தகிருஷ்ணன் நின்றார். பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை மேடம், டீச்சரைக் கோர்ட்டுல சாட்சியா ஏத்த முடியாது. ஏத்தினா அந்தப் பயலுக்கு அங்கேயே காண்டக்ட் சர்டிபிகேட் எழுதிக் குடுத்துருவாவ!"