யாரும் வந்து பார்க்காத மனை

மதியச் சோற்றுத் தட்டை எடுக்க வந்தபோது, தம்பியின் கட்டில் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நிற்பதை அனெல்லா பார்த்தாள். சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான், ஆனால் எல்லாச் சக்கரங்களையும் காலையில் அவளே பூட்டியிருந்தாள். விஷ்ராம் அதை நகர்த்தியிருக்க முடியாது. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவனுக்கு இடுப்புக்குக் கீழே உயிரில்லை. கைகளிலும் கரண்டி பிடிக்கும் அளவுக்குத்தான் பலம்.

“போற போக்குல நீதான் இடிச்சிருப்ப, தீதி,” என்று அக்காவைச் சீண்டினான் அவன். “உன் இடுப்பு அப்படி.”

அவள் சிரித்துக்கொண்டே கட்டிலைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். அப்போதுதான் உள்ளங்காலில் அது உறைத்தது. ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, தரை மட்டும் கிணற்று நீர் போலச் சில்லென்று இருந்தது.

இந்தப் புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் கணவன் கெர்வினுக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அங்கே உட்கார்ந்தபடியே கைப்பேசியில் கட்டட அனுமதி வாங்கியவன் அவன். முன்பெல்லாம் இந்த பெல் ரோஷ் கிராமத்தில் ஒரு சமையலறையை நீட்டவே வருடக்கணக்கில் அலைய வேண்டும். முழங்கால் பூட்ஸோடு ஆய்வாளர் வருவார், இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், ஏதாவது குறை சொல்லிவிட்டுப் போவார். இப்போது எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் மனையின் மூலைகளை விரலால் தொட்டான் கெர்வின். ஒரு வாரத்துக்குள் பச்சைக் குறி வந்தது. அதைப் படம்பிடித்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினான். முன்பு இருந்த சான் பெர்னாண்டோ நகரத்து மாடி வாடகை வீட்டில், விஷ்ராமை நாலு பேர் தூக்கித்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது. இங்கே படியே இல்லை. முன்னறைக் கதவைச் சக்கர நாற்காலிக்காகவே அகலமாக வைத்தார்கள்.

பாத்திரம் கழுவும்போது நாற்றம் வந்தது, மண்ணெண்ணெயும் அழுகிய முட்டையும் கலந்ததுபோல. அடுப்பு வாயுவை மூடிப் பார்த்தாள். போகவில்லை. குழாயை நிறுத்தியபோது, வீட்டுக்கு அடியில் எங்கோ வெகு ஆழத்திலிருந்து, ஒரு பெரிய மாடு தண்ணீரை இழுத்து விழுங்குவதைப் போல ஒரு ஒலி எழுந்து, சுவர் வழியாக ஏறி, அலமாரிக் கோப்பைகளை ஒன்றோடொன்று லேசாக உரசவைத்து, அடங்கியது. அடங்கியதும் மறுபடி விழுங்கியது.

முன்னறையில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே சாம்பல் நிறச் சேறு கசிந்து, மெல்ல உப்பி, உடைந்தது. பிறகு இன்னொரு கொப்புளம்.

கெர்வினுக்குப் போன் அடித்தாள். அன்று பார்த்துக் கடலில் சிக்னல் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் சாலை நெரிசலைச் சொல்லி, வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. திட்டமிடல் அலுவலகத்துக்கு அடித்தாள். மரியாதையான குரலில் ஒரு பெண் எடுத்து, புகாரை இணையப் பக்கத்தில்தான் போட வேண்டும், படம் ஒன்றும் சேர்க்க வேண்டும் என்றாள். அனெல்லா சேற்றைப் படமெடுத்துப் போட்டாள். திரையில் வளையம் சுற்றிச் சுற்றி நின்றது. வான்படத்தின்படி மனை சமதளமானது, உலர்ந்தது, குடியிருக்கத் தகுந்தது என்று பதில் வந்தது.

“யாராவது ஒரு ஆள அனுப்புங்க,” என்றாள் மறுபடி போனில். “என் தம்பியால நடக்க முடியாது.”

“நேர்ல வர்ற ஆளே இப்ப கிடையாது மேடம். எல்லாரையும் கம்ப்யூட்டர்ல உக்கார வச்சுட்டாங்க. உங்க மனை இங்க பச்சையாத்தான் இருக்கு.”

அவளே தூக்கிப் பார்த்தாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். அவன் பாரம் அவளைக் கட்டில்மேலேயே சாய்த்தது. சக்கர நாற்காலியின் சக்கரங்கள் ஏற்கெனவே சேற்றில் புதைந்திருந்தன. “ஒன்னும் ஆகாது, போய் ஆள் கூட்டிட்டு வா,” என்றான் விஷ்ராம். சொன்னபோது குளிரில் அவன் பல் தந்தியடித்தது.

வெளியே வானம் திடீரென்று கறுத்து மழை கொட்டியது. எதிர் வீட்டு வராந்தாவில் பெதேசி இருந்தார். ஓய்வுபெற்ற கரும்பாலைக்காரர். தினமும் அவளுக்குத் தலையசைப்பார், ஒரு நாளும் சாலையைக் கடந்து வந்ததில்லை. அவள் மூச்சிரைக்கச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“மண்ணு கக்குற இடம் அது,” என்றார். “என் அக்கா டூலாரியோட வீடு அங்கதான் இருந்துச்சு. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வீட்டோட உள்ள போயிட்டா. மிஷின் வச்சுத் தோண்டியும் கெடைக்கல. அவ பிள்ளைங்க டொரோண்டோல இருந்துக்கிட்டு மனைய வித்துட்டாங்க.”

“சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

“யாராச்சும் வந்து கேட்பாங்கன்னு இருந்தேன் மகளே. யாரும் வரல.”

அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். கடைசியில் அவர் எழுந்தார், மழையில் அவளோடு சாலையைக் கடந்தார். கேட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தும் வரவில்லை. அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மட்டும் உள்ளே ஓடினாள்.

மின்சாரம் போயிருந்தது. ஜன்னல்களில் மழையின் கருமை. அகலமான கதவு வழியாகச் சேறு வெளியே வழிந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல், கெட்டியாக. ஒரு அடி வைத்தாள். முழங்கால்வரை இறங்கியது. குளிர் எலும்பைப் பிடித்தது.

“விஷ்ராம்!”

விழுங்கும் ஒலி மட்டும்.

கட்டில் கவிழ்ந்திருந்தது. ஒரு சக்கரம் மேலே தெரிந்தது. அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். போர்வை. தலையணை. ஏதோ கம்பி. மறுபடி போர்வை. நாற்றத்தில் கண் எரிந்தது. வாயைத் திறந்தால் சேறு. துழாவினாள்.

ஒரு மணிக்கட்டு.

அவள் பிடித்தாள். அதுவும் அவளைப் பிடித்தது.

உயிர் இருக்கிறது. அது போதும். எங்கிருந்து அவளுக்கு அந்தப் பலம் வந்ததோ, அழுதாள், கடவுளைத் திட்டினாள், பல்லைக் கடித்து இழுத்தாள். சேறு பெரிய சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. தலை வந்தது, தோள் வந்தது. முழுக்கச் சாம்பல் பூசிய உடம்பு. போர்வையால் அதைச் சுற்றி, வழுக்கும் சேற்றோடு சேர்த்து, வாசலுக்கு இழுத்தாள். முற்றம். கேட். தார்ச்சாலை. மழையில் அப்படியே விழுந்து, அந்தத் தலையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டாள்.

“வந்துட்டோம்டா. வந்துட்டோம். மூச்சு விடு.”

மழை முகத்துச் சேற்றைக் கரைக்கத் தொடங்கியது. அவளும் உள்ளங்கையால் வழித்தாள். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. மூக்கில் ஒரு தங்க மூக்குத்தி.

கை அப்படியே நின்றது.

சேறு இன்னும் கரைந்தது. நீளமான, நரைத்த தலைமுடி அவள் மடியில் அவிழ்ந்து பரவியது. கேட்டைப் பிடித்திருந்த பெதேசி முனகிக்கொண்டே சாலையில் உட்கார்ந்தார்.

“டூலாரி,” என்றார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து, சேறு நிறைந்த வாயோடு யாரோ கூப்பிட்டார்கள்.

“தீதி.”

அனெல்லா துள்ளி எழப் பார்த்தாள். முடியவில்லை. அவள் மணிக்கட்டைச் சுற்றிய விரல்கள் விடவில்லை. உதறினாள். நகத்தால் பிறாண்டினாள். குனிந்து கடித்தாள். குளிர்ந்த மண்ணின் ருசி. பிடி இறுகியது.

“தீதி, இங்க இருக்கேன்.”

மாம்பழ வண்ணம் பூசிய சுவர் நடுவில் பிளந்தது. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. மடியில் கிடந்தவள் கண்ணைத் திறந்து, மழையை இமைத்து ஒதுக்கி, வெகு காலம் கழித்து ஒரு கூரையைப் பார்ப்பதுபோல அனெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையையும் மெல்லத் தூக்கி, அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.