காந்தக் கால்

இந்த நாட்டில் விமானத்துக்குள் வைக்கும் அந்தப் பெட்டிக்கு வானிலைத் தகவல் வருவதற்கு வழியே இல்லை. அமெரிக்காவில் தரையிலிருந்து அனுப்புகிறார்கள், பறப்பவர்கள் மழையையும் மேகத்தையும் திரையில் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே மெல்பர்னில் அதை அனுப்ப ஆளில்லை. பக்கத்தில் பறக்கும் விமானங்களைக் காட்டினாலே போதும் என்றுதான் வரதராஜாவும் அவனுடைய கூட்டாளி அருந்தவனும் அந்த ரிசீவரை வரவழைத்தார்கள். ஆனால் இப்போது, விமானக் கொட்டகைக்குள் நின்று அதன் பொத்தானை அழுத்தியதும், திரையின் வடக்கு ஓரத்தில் பச்சையாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. அதன் நடுவில் சிவப்பு.

வரதராஜா வெளியே எட்டிப் பார்த்தான். ஜூன் மாதத்துக் குளிர் வெயில், கழுவித் துடைத்த வானம். வடக்கே மலைத்தொடர் நீலக் கோடாகத் தெளிந்து கிடந்தது.

"வேலை செய்யுதோ, வரதன் அண்ணா?"

சிவாஜினி செவ்வந்தி மாலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். அருந்தவனின் மனைவி. போன வருடம் இதே மாதம், கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து வாங்கிய விமானத்தில் தனியாகப் போன அருந்தவன் மேகத்துக்குள் திசை தப்பி அந்த மலைச்சரிவில் மோதிச் செத்தான். விமானியின் பிழை என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். விமானம் துண்டு துண்டாகிப் போக, இந்தப் பெட்டி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மரக்கிளையில் தொங்கியதாம்.

"ஓம், செய்யுது," என்றான்.

"நேற்று ஆட்டைத் திவசத்தில அவரின்ர சாமானெல்லாம் தானம் குடுத்தனான். குடை, செருப்பு, போர்வை எல்லாத்தையும் ஐயர் வாங்கினவர். இதை மட்டும் தொடமாட்டன் எண்டிட்டார். நீங்கள்தான் ரெண்டு கையாலயும் வாங்கினீங்கள்."

அவள் சிரிக்கவில்லை. செத்தவனுக்கான தானத்தை வாங்குகிறோம் என்று வாங்கும்போது அவனுக்குத் தோன்றவேயில்லை. கூட்டாளியின் பொருள், தான் அண்மையில் வாங்கிய பழைய விமானத்துக்கு ஆகும் என்றுதான் நினைத்தான். மலைக்கு மேலே பறந்து போய் மாலையைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று அவள் கேட்டபோதும், மறுக்க வாய் வராமல் தலையாட்டினான்.

பெட்டியின் அடியில் காந்தக் கால் ஒன்று இருந்தது. அதைக் கழற்றி விமானத்தின் இருக்கையில் போட்டுவிட்டு, கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணத்தைப் பூட்டி, எச்சில் தொட்டு, வலப்பக்க ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினான். கிண்ணம் வழுக்கி விழுந்தது. மறுபடி அழுத்தினான்.

"ஏன் அங்க வைக்கிறீங்கள்? முந்தி முன்னுக்கல்லோ இருந்தது, நடுவில."

"முன்னுக்கு வைச்சால் காந்தம் கொம்பஸை இழுத்துப்போடும்," என்றான் வேலைக் கவனத்தில். "பிழையான திசையைக் காட்டும். அது தெரியாமல் மேகத்துக்குள்ள போனால்..."

 கொட்டகைத் தகரம் வெயிலில் எங்கோ டிக் என்று நெளிந்தது.

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்," என்றாள் சிவாஜினி, மெதுவாக. "அண்டைக்குக் காலமை அவர் உங்களுக்குப் போன் எடுத்து, கொம்பஸ் சரியோ எண்டு கேட்டவர். நானும் விமானத்துக்குப் பக்கத்தில நிண்டனான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வரதராஜாவின் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, குளிர்ந்தே போயிற்று. அருந்தவன் செத்ததற்கு முதல் நாள் ரப்பர் கிண்ணம் விழுந்து விழுந்து எரிச்சல் மூட்ட, காந்தக் காலைப் பூட்டிப் பெட்டியைத் திசைகாட்டிக்குக் கீழே ஒட்டியவன் அவன்தான். இறங்கும்போது முள் சரிந்து நின்றதைக் கண்டவனும் அவன்தான். மறுநாள் காலையில் போன் வந்தபோது போர்வைக்குள் கிடந்தான். கொம்பஸ் சரிதானே மச்சான் என்று அருந்தவன் கேட்டான். எழும்பிப் போக அலுப்பு, பிழையை ஒப்புக்கொள்ள வெட்கம். ஓம் மச்சான், பிசகில்லை, போ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவைத்தான் ஒரு வருடமாக எவரிடமும் சொல்லாமல் காத்து வந்தான்.

"நான் கொஞ்ச நேரம் உள்ளுக்க இருக்கட்டே?" என்றாள், விமானத்தின் கதவில் கை வைத்து. "நீங்கள் போய்ப் பெற்றோலைப் பாருங்கோ."

தப்பினோம் என்று வெளியே போனான். திரும்பி வரும்போது அவள் கொட்டகை வாசலில் நின்றாள். மாலை பக்கத்து இருக்கையில் கிடந்தது. போகாமல் விட்டால் அதுவே வாக்குமூலமாகிவிடும். ஏறினான்.

புறப்படுமுன் ஓடுபாதையில் நின்று திசைகாட்டியைச் சரிபார்ப்பது வழக்கம். அன்று அந்தப் பக்கம் பார்க்கவே அவனுக்கு மனம் வரவில்லை. மலைதான் கண்ணுக்கு முன்னால் தெரிகிறதே என்று கிளம்பினான். கீழே பொயிண்ட் குக் புறநகரின் கூரைகளும் கடலின் பளபளப்பும் பின்னுக்கு நகர, எஞ்சினின் சீரான இரைச்சலும், ஹீட்டரிலிருந்து வந்த சூடேறிய தூசி மணமும், தொடையில் விழுந்த வெயிலும் அவனைச் சற்றே ஆசுவாசப்படுத்தின. பிறகு அந்தத் தூசி மணத்துக்குள் வேறொன்று கலந்தது. கராம்பு.

அருந்தவனுக்கு வானத்தில் வயிற்றைப் புரட்டும். அதற்காகக் கராம்பு மென்றுகொண்டே பறப்பான்.

மாலையின் வாசனையாக இருக்கும் என்று வரதராஜா தனக்குச் சொல்லிக்கொண்டான். செவ்வந்தி என்றைக்குக் கராம்பாக மணத்தது என்று தன்னையே கேட்கவும் செய்தான்.

பெட்டி பீப் என்றது. திரையில் ஒரு விமானம், அவனுடைய உயரத்திலேயே, ஒட்டினாற்போல் பின்னால். இந்த வகைப் பெட்டிகள் சில வேளை தன் விமானத்தையே இன்னொன்றாகக் காட்டுவதுண்டு, சொந்த நிழல்தான், பயப்பட ஒன்றுமில்லை. அவன் இடப்பக்கம் திரும்பினான். நிழலானால் கூடவே திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. நேராகப் போய், திரையிலிருந்த மேகத்தின் விளிம்பில் அவனுக்காகக் காத்து நின்றது.

மேகமும் இப்போது ஓரத்தில் இல்லை. திரையின் நடுவுக்கு வந்துவிட்டது. அதன் வடிவத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று யோசித்தான். நினைவு வந்தது. விசாரணை அறிக்கையில் அன்றைய வானிலைப் படம். அதே பச்சை, அதே சிவப்பு.

போன வருடத்து மேகம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முன்கண்ணாடி முழுவதும் வெள்ளை.

வெயில் அணைந்தது. எஞ்சின் சத்தம் பஞ்சுக்குள் போனதுபோல் மங்கியது. கண்ணாடியில் நீர்த்துளிகள் ஊர்ந்தன. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. தெற்கே திரும்பினால் சமவெளி, அது ஒன்றுதான் பிழைக்கும் வழி. இந்தப் பழைய விமானத்தில் தெற்கைச் சொல்ல இருப்பது திசைகாட்டி ஒன்றே. பார்க்க மனமில்லாமல் பார்த்தான். திருப்பினான். முள் தெற்கு என்றது. ஆனால் வெள்ளை விலகவில்லை. ஈர யூக்கலிப்டஸ் இலைகளின் மணம் வந்தது. இந்த உயரத்தில் மரத்தின் மணம் வரக்கூடாது.

இன்னும் திருப்பினான். முள் அசையவில்லை.

கையை நீட்டித் திசைகாட்டிக்குக் கீழே தடவினான். ஏதோ தட்டுப்பட்டது. சில்லென்று. காந்தக் கால். அதில் மாலை தொடுத்த நார் சுற்றியிருந்தது.

கொஞ்ச நேரம் உள்ளுக்க இருக்கட்டே.

"அடிப்பாவி!" என்று கத்தினான். இழுத்தான். வரவில்லை. நகம் பிய்ந்தது. வரவில்லை.

ஹெட்செட்டுக்குள் ஒரு கிளிக். கராம்பைக் கடிக்கும் சத்தம். பிறகு குரல். அந்தக் காலையின் குரல். கோபமே இல்லாத குரல்.

"கொம்பஸ் சரிதானே மச்சான்?"

"இல்லை!" அவன் அலறினான். "பிழை! நான்தான் மச்சான்! எனக்குத் தெரியும்! போகாதை! போகாதை!"

 பிறகு அதே ஹெட்செட்டில் வேறொரு குரல். போர்வைக்குள்ளிருந்து வரும் தூக்கக் குரல். அவனுடைய குரல்.

"ஓம் மச்சான். பிசகில்லை. போ."

வெள்ளை கிழிந்தது. மரங்கள். ஈரமான, கறுத்த, நெருக்கமான மரங்கள். அவன் காந்தத்தை விட்டுவிட்டு விமானத்தை மேலே இழுக்கக் கையை எடுத்தான்.

கை வரவில்லை. அவன் விரல்களின் மேல் இன்னொருவனின் ஐந்து விரல்கள், குளிர்ந்து, மண் படிந்து, அவற்றைக் காந்தத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தன.