ஒற்றைக் கொலுசு

காலை ஏழு மணி. காஞ்சிபுரத்து நர்சிங் ஹோமில் கூச்சல் கிளம்பியது. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து நாலு நாளாகப் படுத்திருந்த பெரியநாயகியின் இடது கால் கொலுசைக் காணோம். அவள் புருஷன் ராஜவேலு, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன், வார்டு ஆயா கங்கையம்மாளைக் கைகாட்டினான்.

"ராத்திரி பூரா இந்தம்மாதான் இங்க இருந்துக்கினு இருந்தாங்க. போலீசக் கூப்பிடுங்க சிஸ்டர்!"

"என் பொழப்புல மண்ணப் போடாதப்பா" என்று அழுதாள் கங்கையம்மாள்.

அப்போதுதான் உள்ளே வந்த, ஆபரேஷன் செய்த டாக்டர் கிருஷ்ணவேணிக்கு எதிலும் மூக்கை நுழைக்கும் குணம். அதற்காக நல்ல பேர் வாங்கியதில்லை. பெரியநாயகி கண்மூடி, மூச்சு வாங்கக் கிடந்தாள்.

"இவளுக்கு என்ன?"

"வாயும்மா. விடியக்காலம் மார்ல புடிச்சிக்கிச்சு. ஓமத்தண்ணி குடுத்தேன்" என்றான் ராஜவேலு.

"ஏப்பம் வந்துதா?"

"இல்ல. இருமல்தான். மூச்ச இழுத்தா குத்துதாம்."

"கொலுசு எப்ப மாட்டிவிட்டே?"

"ஆபரேஷனுக்கு மறுநாளு. லூசா இருந்துது."

"எழுந்து நடந்தாளா?"

"தையல் பிரிஞ்சிடும்னு கட்டில விட்டு எறங்கவே விடலம்மா!" என்றான் பெருமையாக.

கிருஷ்ணவேணி போர்வையை விலக்கினாள். வலது காலில் கொலுசு தளர்ந்து கிடந்தது. இடது கெண்டைக்கால் வீங்கி, கணுக்காலில் கொலுசு பதிந்த தடம். திருட வந்தவள் ஒன்றை மட்டுமா எடுப்பாள்?

"நீயேதானே கழட்டினே?"

பெரியநாயகியின் கண்ணில் நீர் முட்டியது. "இறுக்கிக் கடிச்சுதும்மா... ஒத்தக் கொலுசு கழட்டினா ஆகாதுன்னு அவரு கோச்சிப்பாரு. தலகாணி உறைக்குள்ள இருக்குது."

கிருஷ்ணவேணி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி தறிகெட்டு ஓடியது.

"சிஸ்டர்! ஆக்ஸிஜன், ஹெபாரின் ஊசி, சீக்கிரம். காலை யாரும் பிடிச்சுவிடக் கூடாது!"

"அப்போ திருடன் யாரும்மா?" ராஜவேலு விழித்தான்.

"திருட்டே இல்லப்பா. குற்றவாளி ரத்தக்கட்டி. அசையாம கிடந்த கால்ல உறைஞ்சு, அங்கேருந்து பெயர்ந்து, நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. அதுக்குத்தான் நீ வாயுன்னு பேர் வெச்சே. ஒரு கால் மட்டும் வீங்குறதை யாருமே பார்க்கல. நான் உட்பட."

அன்று முழுக்க அவள் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் பெரியநாயகியின் மூச்சு சீரானது. கிருஷ்ணவேணிக்கு அப்போதுதான் பசித்தது.

சில நாள் கழித்து, ரத்தத்தை உறையவிடாத மருந்து வேலை செய்ததும், நடக்கலாம் என்று உத்தரவு கொடுத்தாள். ராஜவேலு கங்கையம்மாள் எதிரே வந்து கைகூப்பினான்.

கங்கையம்மாள் பெரியநாயகியின் கையைப் பிடித்து அவன் கையில் திணித்தாள்.

"கும்பிட்டது போதும்பா. மொதல்ல இவள நடக்க வை."