கஞ்சி கொதிக்கும் மார்பு

அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆகியும் கஞ்சி கொதிக்கும் சத்தம் நிற்கவில்லை. குப்பம்மா பானையைத் தொட்டுப் பார்த்தாள், ஆறிக் கிடந்தது. சத்தம் பாயிலிருந்து, புருஷன் வேலப்பனின் மார்புக்குள்ளிருந்து வந்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி. ராயபுரத்து ஒண்டுக்குடித்தன அறைக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கே இருட்டு. ஓட்டில் மழை விடாமல் விழுந்தது, துறைமுகத்து நிலக்கரித் தூசு ஈரத்தில் ஊறிக் கதவிடுக்கில் கறுப்பாய்க் கசிந்தது, எல்லாவற்றையும் மீறி வேலப்பனின் வாயிலிருந்து புளித்த கஞ்சியும் அழுகிய மீனும் கலந்த நாற்றம் கிளம்பிச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். பத்து நாளைக்கு முன் வாதம் அடித்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. "படுக்கவெச்சு வாயில எதையும் ஊத்தாதேம்மா, நுரையீரலுக்குப் போயிடும்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறார் என்று நினைத்துக் குப்பம்மா அவனை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டாள்.

தெருவில் அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் புகட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி, பிள்ளையை மேலே கிடத்தி, மூக்கைப் பிடித்துப் பாலாடைக் கிண்ணியை வாயில் சரித்தால் தீர்ந்தது. அவள் கைக்குத் தப்பிய வாய் அங்கே கிடையாது. புருஷனுக்கும் அதே வைத்தியம்தான். காலில் போட முடியாத ஆள் என்பதால் பாயிலேயே மல்லாக்கக் கிடத்தியிருந்தாள். அவன் பிழைக்கவேண்டும். அவனை விட்டால் அவளுக்கு ஒரு நாதியும் இல்லை.

"ஒரே ஒரு வாய் குட்ச்சிடு மாமா."

வேலப்பன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் அவனுடைய வலக்கைமேல் முழங்காலை அழுத்தி, கரண்டிக் காம்பைப் பல்லிடுக்கில் விட்டு நெம்பினாள். ஒரு பல் உடைந்தது. மூக்கைப் பிடித்தாள். ஊற்றினாள். அவன் உடம்பு பாயை விட்டு எழும்பியது; திமிறிக்கொண்டு வந்த வலக்கை அவள் முகத்தில் இறங்கியது. உதடு கிழிந்தது. ரத்தமும் கஞ்சியுமாய் அவள்மேல் இருமினான். அவன் கண்கள் கெஞ்சின. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மறுபடியும் ஊற்றினாள்.

பிறகு அவன் திமிறவில்லை. அவளும் நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் பானை பாதி காலியானது. மார்பு மட்டும் கொதித்தது.

களக். களக்.

பக்கத்து அறை ஷம்ஷாத் எட்டிப் பார்த்தாள். வேலப்பனின் நெற்றியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"போதும் வுட்டுடு குப்பம்மா. மூச்சே இல்ல. ஒடம்பு ஜில்லுனு கீது."

"இன்னா பேசறே? உள்ள சத்தம் வந்துகினே கீது, கேட்டுப் பாரு."

ஷம்ஷாத் குனிந்து மார்பில் காதை வைத்தாள். கேட்டாள். எழுந்து மழைக்குள் ஓடினாள்.

குப்பம்மா இன்னொரு பாலாடை சரித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் ஒழுங்காக விழுங்கினான். பிழைத்துவிட்டான்! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் வாய் தானாகத் திறந்தது.

இன்னும் திறந்தது.

அவள் பிடரியில் ஒரு கை விழுந்தது. குளிர்ந்த கை.

இடது கை.

அது அவளைக் கீழே இழுத்தது. வாயோடு வாய் அழுந்தியது. மூக்கு அவன் கன்னத்தில் புதைந்தது. கொதிக்கும் சத்தம் மார்பை விட்டுத் தொண்டைக்கு ஏறியது. ஊற்றிய கஞ்சியெல்லாம், கெட்டியாக, புளிப்பாக, அவள் வாய்க்குள் வந்தது. அடித்தாள். பிறாண்டினாள். பிடி தளரவில்லை. மூச்சு முட்டியது.

அடக்கிப் பார்த்தாள்.

முடியவில்லை.

மூச்சை உள்ளே இழுத்தாள்.