ஜாடிக்குள் ஒரு பிடி அரிசி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில், டாக்டர் ஹமீதா பானு தன் ஆராய்ச்சி அறை அலமாரியைத் திறந்தார். மருதையனின் ஜாடி இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய சதைத்துண்டைக் காணோம். கழுவித் துடைத்த ஜாடியில் ஒரு பிடி அரிசி கிடந்தது.

"இதை நம்பித்தானே வந்தேன், டாக்டரம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர் அருணகிரி.

வருஷம் 1972. குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்து மிராசுதார்களின் தூக்கம் கெட்டிருந்த நேரம். கீழ்வேளூர்ப் பக்கம் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுத மருதையன், சண்டை போட்டுத் தன் பெயரைப் பதிந்தவர். அப்புறம் உடம்பு விட்டுப்போயிற்று. குந்தினால் எழ முடியவில்லை. தலையில் துண்டு கட்டக் கை உயரவில்லை. உடம்பின் காவல்படையே தசையைப் பகையாக நினைத்துத் தாக்கும் தசை அழற்சி நோய் என்று ஹமீதா சந்தேகித்தார். வருஷக்கணக்கில் அவர் ஆராய்ந்து வந்த நோய் அது.

உறுதி செய்யத் தொடையில் சிறு துண்டு வெட்டி எடுத்தார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு கூடவே தங்கியிருந்த மனைவி ராமாயி, துண்டை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். வேலை முடிந்தால் திருப்பிக் கொடுப்பீர்களா என்றும் கேட்டாள். ஹமீதா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

பரிசோதிப்பதற்குள், வியாழன் விடிகாலை, கஞ்சி புரையேறி மருதையன் இறந்துபோனார். சாயங்காலமே ஊரில் எரித்துவிட்டார்கள்.

சிதை அணைவதற்குள் நிலத்துக்காரரான மிராசுதாரின் புகார் வந்தது. கள்ளுக்கடை திறந்த புதிது அது. மகன் ஐயாவு குத்தகைக்கு ஆசைப்பட்டு, அப்பன் குடித்த கள்ளில் பூச்சிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொன்றானாம். பிணம் சாம்பலாகும்வரை பொறுத்திருந்த மனுஷர் லேசுப்பட்டவரா? ஐயாவு லாக்கப்பில் கிடந்தான். விஷமா நோயா என்று சொல்ல மிச்சமிருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான்.

அருணகிரி விசாரித்தார். அறைக்குப் பூட்டு கிடையாது. வியாழன் காலையில் அங்கே மிராசுதாரின் காரியக்காரர் துரைராசுவைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மாலை போட வந்தேன் என்றார் அவர். மருதையன் உயிரோடு இருந்தவரை வரப்பில் நடக்கவிடாதவருக்கு அப்படி ஒரு பாசம்.

"ஆளைத் தூக்கிரட்டுமா?"

ஹமீதா அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். கஞ்சிக்குப் போடும் நொய்.

"துரைராசுன்னா ஜாடியோட ஆத்துல வீசியிருப்பார். கழுவி வைக்க அவருக்கு என்ன வந்துச்சு?" என்றவரின் முகம் சட்டென்று வாடியது. "ஜீப்பை எடுங்க. கீழ்வேளூர் போகணும்."

வழியெங்கும் கூலித் தகராறில் நடவு நின்ற வயல்கள். மருதையன் வீட்டுத் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் ஹமீதா.

"எடுத்தது ராமாயி. நம்ம பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டாங்க. கையில இருந்த நொய்யில ஒரு பிடி போட்டிருக்கா. திருட வந்தவ இதைச் செய்வாளா? தன் பொருளை எடுத்துக்கிட்டு என் ஜாடியை மரியாதையாத் திருப்பிக் குடுத்திருக்கா."

ராமாயி மறுக்கவில்லை. குறை உடம்போடு போகக் கூடாது என்று மருதையனே சொல்லியிருந்தாராம்.

"நீங்க தரேன்னு சொன்னதுதானே டாக்டரம்மா? வெட்டுன காயத்துலயே வச்சுத் துணியச் சுத்திட்டேன். முழுசாப் போயிட்டாரு."

மகனைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சி அதுதான் என்று ஹமீதா சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. முதல் முறை ராமாயிக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அருணகிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ராமாயி தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"என் தொடையில வெட்டிக்கங்க. ஒரே பானைச் சோறு தின்ன உடம்புதானே? எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க. எம் புள்ளைய மட்டும் விடச் சொல்லுங்க."

அந்தச் சதை சாட்சி சொல்லாது என்று அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ஹமீதா பானு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.