பூட்டிய இருக்கை

எழுதிப் பழக்கமில்லாத நான் இதனை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதற்கண் மன்னிக்க வேண்டுகிறேன். நில அளவையாளர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவர் விட்டுச்சென்ற களக்குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டு, இயன்றவரை முறையாகச் சொல்ல முயல்கிறேன். குறிப்பேடு நின்றுபோன இடத்திற்கு அப்பால் வருபவை என் ஊகம், குறையிருப்பின் பொறுத்தருள்க.

வற்றிய ஏரியின் அடியில், சேறு நுழையாத இடம் ஒன்று இருந்தது. அதுதான் அவரை முதலில் உறுத்தியது.

போர்க்காலத்தில் அந்த ஏரிக்குள் பாய்ந்து மூழ்கிய ஜெட் போர் விமானத்தை ஓட்டியவர் அளவையாளரின் அண்ணன். உடல் கிடைக்கவில்லை; குதித்துத் தப்பியிருக்கலாம் என்று காகிதத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு அண்ணி நாற்பத்தொரு ஆண்டுகளாக வாசற்கதவைத் தாழிடாமலே உறங்கிவந்தார். ஏரி வற்றிய இவ்வாண்டு, பணி ஓய்வுபெற்றிருந்த அளவையாளர், வெடித்த தரையைக் கயிறுகட்டிச் சதுரங்களாகப் பிரித்து, விமானியின் இருக்கையைத் தேடத் தொடங்கினார். குதிக்கும் விமானி இருக்கையோடுதான் வெளியே எறியப்படுவார்; இருக்கை விமானத்தோடு கிடந்தால் அண்ணன் குதிக்கவில்லை என்று பொருள். அண்ணி இனியாவது கதவைத் தாழிடலாம். அவர் வேண்டியது அவ்வளவே.

பதினேழாம் சதுரத்தில், ஓராள் ஆழத்தில், விமானச் சிதைவுகளுக்கு நடுவே அது கிடைத்தது.

"ஒரு வழியா மாட்டிக்கிச்சு, சின்னவரே. என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம்னு நினைச்சேன்" என்றார் தோண்ட உதவிக்கு வந்திருந்த திருகாணி. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்த அவருக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் அது. அன்று அண்ணனை அந்த இருக்கையில் அமர்த்திப் பட்டைகளை இறுக்கி, தோளில் இரண்டு முறை தட்டி அனுப்பிவைத்தவரும் அவரே. இரண்டு தட்டு என்றால் எல்லாம் இறுக்கம் என்று பொருளாம்.

தோளுக்கு இரண்டும் இடுப்புக்கு இரண்டுமாக நான்கு பட்டைகளும் மார்புக்கு நேரே ஒரு வட்டப் பூட்டில் பூட்டியபடியே இருந்தன. சுற்றிலும் சேறு களிமண்ணாய் இறுகிக் கிடக்க, பட்டைகளுக்கும் முதுகுச்சாய்வுக்கும் நடுவில் மட்டும் ஒரு மனிதர் அமர்ந்திருக்கும் அளவுக்கு வெற்றிடம். முட்டை ஓட்டின் உட்புறம்போல் வழவழப்பாக, எலும்பின்றி, துணியின்றி. உள்ளிருந்து ஜெட் எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை இளஞ்சூட்டோடு வந்துகொண்டிருந்தது.

"எலும்பு கரைஞ்சிருக்குமோ அண்ணே?" என்று திருகாணியைக் கேட்டார் அளவையாளர்.

"கரையட்டும். பள்ளம் எப்படி மூடாம நிக்குது?" திருகாணியின் குரலில் கேலி வற்றியிருந்தது. "பூட்டைத் தொட்றாதீங்க. கட்டினவன் அவுக்கணும், இல்ல உள்ள இருக்கறவன் அவுக்கணும். மூணாவது ஆள் கை வைக்கறது எங்க வழக்கமில்ல. தார்ப்பாய் எடுத்துட்டு வரேன். மூடி வெச்சு, காலைல நானே அவுக்கறேன்."

அவர் வண்டியை நோக்கி நடந்தார். அளவையாளர் குறிப்பேட்டில் இருந்த கண்டெடுப்புப் படிவத்தை நிரப்பலானார். பொருள், ஆழம், நிலை. நான்காம் கட்டத்தில், 'இயங்குகிறதா?'. முப்பத்துநான்கு ஆண்டுப் பணியில் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டறியாத கை அது. பூட்டைத் திருப்பி அழுத்தினார்.

நான்கு பட்டைகளும் ஒருசேரக் கழன்று விழுந்தன.

வெகுநேரம் அடக்கிய மூச்சை யாரோ விட்டதுபோல் ஓர் ஒலி. முகத்தை உரசிக்கொண்டு வாடை மேலேறிச் சென்றது. பள்ளம் மெல்ல மூடிக்கொண்டது.

இயங்குகிறது, என்று எழுதினார். குறிப்பேடு இத்துடன் நிற்கிறது.

கரையில் திருகாணி தார்ப்பாயை நழுவவிட்டு நின்றார். ஒரு கையால் தன் தோளைப் பற்றியிருந்தார்.

"இப்ப என்னைத் தட்டினது யாரு, சின்னவரே?"

நின்றவாக்கிலேயே அவருடைய முழங்கை விலாவோடு ஒட்டியது. முதுகு நிமிர்ந்தது. மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. அவர் விழவும் இல்லை.

அளவையாளர் ஓடினார். வாடை அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைத்தெருவைக் கடந்தது. பள்ளிக்கூட மதிலை ஒட்டித் திரும்பியது. வழி கேட்க அவசியமில்லாத ஒருவர் வீடு திரும்புவதுபோல.

மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. அண்ணியின் வாசற்கதவைத் தள்ளினார். அசையவில்லை.

உள்ளே தாழிட்டிருந்தது.

"அண்ணி."

"மெதுவாப் பேசுங்க தம்பி. உங்க அண்ணன் வந்துட்டாரு."

"கதவைத் திறங்க அண்ணி."

"முடியாதுப்பா. என்னை உக்கார வெச்சிருக்காரு." குரலில் புதுப்பெண்ணின் வெட்கம். பின்பு மூச்சு வாங்கியது. "இன்னும்... கொஞ்சம் இறுக்கணுமாம்."

சன்னல் வழியே பார்த்தார். அண்ணி நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருந்தார். அறையில் வேறெவரும் இல்லை. சேலையின் மேல் தோள்களில் இரண்டு, இடுப்பில் இரண்டு என நான்கு அகன்ற பள்ளங்கள். கட்டியிருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் பள்ளங்கள் ஆழமாயின. மூச்சு குறுகியது. முகத்தில் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

பின்னால் மண்ணெண்ணெய் வாடை.

அவர் தோளில் ஒரு தட்டு.

இன்னொன்று.

இழந்தவை: மெக்கானிக் ஒருவர், ஏரிக்கரையில், நின்றபடி. அண்ணி, நாற்காலியில். அளவையாளர், சன்னலுக்கு வெளியே, நிமிர்ந்தபடி. மூவரின் விலா எலும்புகளும், இறுகி நொறுங்கியபடி. கதவு ஒன்று, உடைக்கப்பட்டது. இருக்கை மறுநாள் பதினேழாம் சதுரத்தில் இல்லை.